கிடப்பொருளியல்: அனலைதீவில் நாய்க்குடையும் ஒற்றைச் செருப்பும்

ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த தீவில் காலை நடை போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வழி தவற முடியாது. எந்தப் பக்கம் நடந்தாலும் அரை மணித்தியாலத்தில், மிஞ்சினால் முக்கால் மணித்தியாலத்தில், கடல் வந்து மறித்துவிடும். வசதியீனமும் ஒன்று உண்டு. ஐயனார் கோயில், புகையிலைத் தோட்டம், பனங்காணி, இறங்குதுறை என்று பார்க்க வேண்டியதையெல்லாம் முதற்கிழமையிலேயே பார்த்து முடித்துவிடுவான். பிறகு நிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லாமல் குனிந்து பார்த்து நடக்கத் தொடங்குவான். கிடப்பொருளியல் என்னும் இந்தத் துறை அனலைதீவில் தோன்றிய வரலாறு இவ்வளவுதான்.

வழியில் கிடக்கக் கண்டு, ஒருவன் நின்று, குனிந்து, "இதென்ன சாமான்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் எதுவும் கிடப்பொருளாகும். கிட என்பது வினைப்பகுதியாதலால் இது வினைத்தொகை; வினைத்தொகையில் ஒற்று மிகாது; ஆகவே 'கிடபொருள்' என்றல்லவா எழுத வேண்டும் என்று யாராவது கண்டனப் பத்திரம் அச்சிடக்கூடும். நாவலர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவில்லை. அவர்களுக்கு விடை: கடற்கரையில் எதுவும் விதிப்படி ஒதுங்குவதில்லை. இந்தப் 'ப்' அப்படி ஒதுங்கியது.

இத்துறைக்கு முன்னோர் நூல் எதுவும் இல்லாமையால் நூற்பாவையும் நானே இயற்ற வேண்டியதாயிற்று.

தானே வருதலும் தனியே வருதலும்
வேரில தாதலும் விலையில தாதலும்
கேளில தாதலும் கிடப்பொருட் கியல்பே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கிடப்பொருளுக்குரிய ஐந்து இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. யாரும் கொண்டுவந்து வையாமல் தானே வரும்; துணையின்றி வரும்; பிடுங்க வேர் இராது; விற்க விலை போகாது. கேள் என்பது உறவு, கேட்பார் என்றுமாம். உறவும் கேட்பாரும் அற்றது என்றவாறு. மழைக்காலத்துக் காளானும், எந்தக் காலத்திலும் கரையில் ஒதுங்கும் ஒற்றைப் பாட்டாச் செருப்பும் இந்த ஐந்தையும் குறைவறப் பெற்றவை. எனவே முன்னது தரைக்கிடப்பு, பின்னது திரைக்கிடப்பு. இரண்டும் ஒரே சாதி என்பதே என் துணிபு. துணிபு பிற்பாடு என்ன பாடுபட்டது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் காளான்.

ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை விழுந்து இரண்டாம் நாள் விடிய, நேற்று வெறும் மணலாய்க் கிடந்த பனங்காணியில் வெள்ளையாய் ஏதோ நிற்கும். எங்கள் தீவில் அதற்கு இரண்டு பெயர். தின்னலாம் என்று துணிந்தால் காளான். துணியாவிட்டால் நாய்க்குடை. எனக்குத் தெரிந்து அனலைதீவில் முளைத்தவற்றில் பெரும்பாலானவை நாய்க்குடைகளே. தாவரவியற் காரணம் எதுவுமில்லை; என் ஆச்சியின் சுபாவமே காரணம்.

"எணை ஆச்சி, நாய்க்கு என்னத்துக்குக் குடை?" என்று பத்து வயதில் கேட்டேன்.

"அதை நாயிட்டைக் கேள். முதல்லை கையைக் கழுவிப்போட்டு வா."

நாயிடம் கேட்டேன். முற்றத்து நாயைக் கூட்டிப்போய், ஒரு சாணளவு விரிந்த நாய்க்குடையின் முன் நிறுத்தி, மழை தூறும்வரை காத்திருந்தேன். நாய் மோந்து பார்த்தது. காலைத் தூக்கி அதன்மேல் தன் கருத்தைப் பதிவு செய்தது. பிறகு வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. குடை என்பது உவமை ஆகுபெயரென்றும், நாய் என்பது இழிவுக் குறிப்பென்றும் அன்றே முடிவாயிற்று. மேலைத்தேயத்தாருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. ஆங்கிலேயருக்கு நச்சுக்காளான் தேரையின் முக்காலி. ஒல்லாந்தர் தம் மொழியில் காளான் முழுவதையுமே தேரை முக்காலி என்கிறார்கள். தமிழன் நாய்க்குக் குடை பிடித்தான், ஐரோப்பியன் தேரைக்கு இருக்கை போட்டான். உபசாரம் என்னவோ ஒன்றுதான். சிங்களத்தில் 'பிம்மல்', அதாவது நிலப்பூ, என்று இன்னொரு பெயர் இருக்கிறது. மூன்றிலும் மரியாதையான பெயர் அது.

ஒல்லாந்தரை இங்கே இழுத்தது காரணமில்லாமல் அல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. அது மட்டும் ஒட்டிக்கொண்டது. அனலைதீவுக்கு வைத்த பெயர் ரொட்டர்டாம். அந்த ரொட்டர்டாம் பின்னர் ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகமாகிவிட்டது. இந்த ரொட்டர்டாமுக்கு இன்றும் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளம் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒல்லாந்தர் இருந்திருந்தால் எங்கள் பனங்காணிக் காளானைத் தேரைக்கதிரை என்றிருப்பார்கள் என்று எழுத வந்தேன். 'கதிரை' அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்பது அப்புறம்தான் உறைத்தது. சொற்களிலும் கிடப்பொருள் உண்டு.

இனி இலக்கியச் சான்று. சங்ககாலத்தில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வீட்டு நிலைமையைச் சொல்கிறார்: சமைத்து நாளாகி அடுப்பிலேயே ஆம்பி பூத்துவிட்டதாம். சிறுபாணாற்றுப்படையிலும் பாணன் வீட்டு அடுக்களையில், கறையான் அரித்த சுவருக்குப் பக்கத்தில் காளான் நிற்கிறது. இரண்டு புலவர்களும் காளானை வறுமையின் அடையாளமாக மட்டுமே பார்த்தார்கள். பசித்த மனிதர், முன்னால் காளான், கீழே அடுப்பு. ஆய்ந்து சமைத்தால் என்ன என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவர்கள் வீட்டிலும் ஓர் ஆச்சி இருந்திருக்க வேண்டும்.

நூற்பாவின் முதலிலக்கணம் 'தானே வருதல்'. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது ஊர்வழக்கு. சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும். ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுப் புளூட்டார்க், விருந்து மேசைப் பேச்சுகளை எழுதிய தம் நூலில், நிலத்தடிக் காளான் இடியால் விளைகிறது என்ற நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று ஒரு பகுதி முழுக்க விவாதிக்கிறார். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காளான் வளர்க்கும் மரக்குற்றிகளுக்கு உயர் மின்னழுத்தத்தை நொடிப்பொழுது பாய்ச்சிப் பார்த்து, விளைச்சல் கூடுகிறது என்று கண்டார்கள். ஆச்சி சொன்னபோது மூடநம்பிக்கை, ஜப்பானியன் சொன்னால் ஆய்வு. ஒரே இரவில் வளர்கிறது என்பதும் பாதி உண்மைதான். காளான் பல நாளாக மண்ணுக்குள் குண்டூசித் தலையளவு மொட்டாய் முழுவதும் உருவாகிக் காத்திருக்கிறது. மழை வந்ததும் புதிதாக எதையும் கட்டுவதில்லை. தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. கலியாணப் பந்தற்காரன் முதல் நாளே கம்பும் சீலையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, விடியற்காலையில் எழுப்புவது போல.

இரண்டாவது செருப்போடு வரும்; மூன்றாவது 'வேரிலது'. இதில்தான் என் நூற்பாவுக்கு முதல் அடி விழுந்தது.

கிணற்றடிக்குப் பின்னால், இடிந்த வேலிக் கதியால்களுக்கு அருகில் ஒரு கறையான் புற்று. கார்த்திகை மழையில் அதன் பக்கத்தில் ஏழெட்டுக் காளான் சேர்ந்து நின்றன. குடையின் நடுவில் கூரான முனை, மேலே சாம்பல் பூசிய வெள்ளை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அலவாங்கால் சுற்றிவரக் கிண்டினேன். தண்டு மண்ணுக்குக் கீழே மெலிந்து, கறுத்து, ஒரு முழத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. அதன் முடிவில் ஓர் அறை. அறைக்குள் உலர்ந்த தேன்வதை போல, மூளை மடிப்புப் போல, மண்ணிற வதை ஒன்று. கிட்ட வைத்துப் பார்த்தால் அதன் மேலெல்லாம் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள். நாலைந்து கறையான்கள் வெளிச்சத்தைக் கண்டு ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு ஓடின.

அது கறையானின் தோட்டம். கறையான் மரத்தை அரித்து விழுங்கி, வெளியே தள்ளியதை வதையாகக் கட்டி, அதில் பூஞ்சணம் வளர்க்கிறது. தான் செரிக்க முடியாத மரத்தைப் பூஞ்சணம் செரித்துக் கொடுக்க, அதைத் தின்கிறது. நாங்கள் மேலே காண்பது அந்தத் தோட்டம் மழைக்காலத்தில் வைக்கும் பூ. மனிதன் கமம் செய்யத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டு சொச்சம். கறையான் தொடங்கி ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டு. இதை முதன்முதலில் எழுதிவைத்தவர் எங்கள் கடலுக்கு அக்கரையில் இருந்தவர். லின்னேயசின் மாணாக்கர் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளைக் கிண்டிப் பார்த்து 1779இல் வெளியிட்டார். பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய தாமஸ் பெட்ச், 1906இல் இலங்கைக் கறையான் புற்றுகளின் பூஞ்சணம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1942இல் பிரான்ஸ் தேசத்து ஹைம் இந்தச் சாதிக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். ஆபிரிக்காவில் இதே சாதியில் குடை ஒரு மீற்றர் வரை விரிகிற ஒன்று உண்டு. அதன் கீழ் நாய் தாராளமாக நிற்கலாம். என் பத்து வயது ஆராய்ச்சிக்கு இடம் பிழைத்துவிட்டது, அவ்வளவே.

வேரில்லை என்று நான் எழுதிய பொருளுக்கு ஒரு முழ வேரும், அதன் அடியில் ஒரு குடியும் கமமும் இருந்தன. 'வேரிலது' என்பதற்குப் பக்கத்தில் 'சிறுபான்மை வேருளதாகவும் பெறும்' என்று புறனடை எழுதிக்கொண்டேன். உரையாசிரியர்கள் இதற்காகத்தான் புறனடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தக் காளான்களை அலம்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தேங்காய்ப்பாலும் வறுத்த மிளகாய்த்தூளும் போட்டு வற்றவைத்தால் சைவக்காரருக்கும் ஆட்டிறைச்சியின் ஞாபகம் வரும் என்று கேள்வி. ஆச்சி பார்த்தா. புற்றுக்காளான், இது தின்னலாம் என்று கோனிக், பெட்ச், ஹைம் மூவரையும் சாட்சிக்கு அழைத்தேன். "அவங்கள் தின்னட்டும்" என்று பெட்டியோடு வாங்கிக் கொல்லைப்பக்கம் கொட்டினா.

கோபம் வந்தது உண்மை. பிறகு வாசிக்க வாசிக்க ஆச்சியின் கட்சி வலுத்துக்கொண்டே போனது. காளானோடு மஞ்சளோ உள்ளியோ போட்டு நிறம் மாறினால் நஞ்சு, வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, ஆடு தின்றால் நல்லது, புழு இருந்தால் நல்லது என்று சொல்லும் சோதனைகள் ஒன்றுகூடப் பலிக்காதவை. நத்தையும் அணிலும் தின்று சுகமாய் இருக்கும் காளான் மனிதனின் ஈரலைக் கரைக்கும். அமானிற்றாக் குலத்துக் கொடிய நஞ்சு, தின்று ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் வரை ஒன்றும் காட்டாது. மத்தியானம் சாப்பிட்டவனுக்கு நடுச்சாமத்தில் வயிற்றைப் பிரட்டும். நடுச்சாமத்தில் அனலைதீவிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் முதலில் வள்ளக்காரனை எழுப்ப வேண்டும், பிறகு காற்றைப் பார்க்க வேண்டும், பிறகு ஊர்காவற்றுறையில் வாகனம் தேட வேண்டும். ஆச்சி காளானை அறிந்து விலக்கவில்லை. கடலை அறிந்து விலக்கினா. 'விலையிலது' என்ற இலக்கணம் இத்தனை செலவைக் கணக்கிலெடுத்தே நின்றது.

இன்னொன்றும் உண்டு. நான் வளர்ந்த காலத்தில் வடக்கில் கிடப்பொருளைத் தொடாதே என்பது தோட்டத்துப் புத்திமதி மட்டுமல்ல. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையின் கீழும் அதுதான் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள்: கிட்டப் போகாதே, தொடாதே, பெரியாக்களிடம் சொல். நாய்க்குடைக்கும் அதே விதி என்றபடியால் எனக்கு இரண்டும் ஒரே பாடத்தில் முடிந்தது.

செருப்புக்கு வருவோம்.

கடலோரம் நடப்பவனுக்கு முதலில் கால் படுவது சாதாளை. தோட்டத்துக்கு எரு; அள்ள ஆள் வரும், ஆகவே கிடப்பொருள் அன்று. கணவாய் ஓடும் அன்று. அதைக் கடல்நுரை என்று சித்தமருந்துக் கடையில் எடுப்பார்கள். முருகைக்கல், சோகி, திருக்கை வால், அறுந்த வலையின் மிதவை, றெஜிபோம் துண்டு, இத்தனை அலையில் உருண்டும் உடையாத மின்குமிழ். இவற்றுக்கு நடுவில், வார் அறுந்தோ அறாமலோ, எப்போதும் ஒற்றையாய், ஒரு பாட்டாச் செருப்பு. 2022 மேயில் அசானிப் புயலோடு ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் கரையில் பொன்னிறத் தேர் போன்ற ஒன்றே மிதந்து வந்து சேர்ந்தது. ஊரே கயிறு கட்டி இழுத்தது. வங்கக்கடல் அந்தப் பக்கத்துக்குத் தேர் அனுப்புகிறது. பாக்கு நீரிணை எங்களுக்குச் செருப்பு அனுப்புகிறது.

ஏன் ஒற்றை? சோடியாக விழுந்த செருப்பும் சோடியாக ஒதுங்குவதில்லை. இடதுக்கும் வலதுக்கும் வளைவு எதிரெதிர். காற்று இரண்டையும் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளுகிறது. ஒல்லாந்தின் டெக்சல் தீவில் ஒதுங்கிய சப்பாத்துகளை எண்ணிய உயிரியலாளர் ஒருவர் இடது கூடுதல் என்று கண்டார். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவில் எண்ணியபோது வலது கூடுதல். 1990 மேயில் ஹன்சா கரியர் என்ற கப்பலிலிருந்து பல்லாயிரம் நைக்கி சப்பாத்துகள் பசுபிக் கடலில் விழுந்தன. அவை அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒன்றொன்றாக ஒதுங்க, பொறுக்கியவர்கள் சந்தை கூடி, இடது கொடுத்து வலது வாங்கிச் சோடி சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எப்ஸ்மேயர் என்ற கடலாய்வாளர் அதே சப்பாத்துகளை வைத்துக் கடல் நீரோட்டம் கணக்கிட்டார்.

அந்த ஒல்லாந்துத் தீவில் இடது கூடும் என்றால் இந்த ஒல்லாந்துப் பெயர்த் தீவில் எது கூடும்? இதுதான் என் ஆய்வு வினா. சோளகம் பெயர்ந்தால் தெற்கு, மேற்குக் கரை. வாடை பெயர்ந்தால் வடக்கு, கிழக்குக் கரை. பொறுக்கி வந்ததை ஆணியடித்து வேலியில் தொங்கவிட்டேன், இடது ஒரு நிரை, வலது ஒரு நிரை. ஒரு மொனிற்றர் கொப்பியில் திகதி, காற்று, கால், நிறம், அளவு, வந்த இடம் என்று கோடு போட்டுப் பதிந்தேன். வந்த இடம் என்ற கட்டத்துக்குத்தான் அதிகம் மூளை செலவாயிற்று. நீல வார் போட்ட வலதுகாற் செருப்பு ஒன்று. அதன் தேய்மானம், ஒட்டியிருந்த கடற்பூச்சி, அன்றைய காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து 'இந்தியக் கரையாகலாம், இராமேசுவரம் அல்லது அதற்கு வடக்கு' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். அயலட்டை வேலியைப் பார்த்துச் சிரித்தது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா படம் எடுத்துக்கொண்டு போனார். கண்ணூறுக்குக் கட்டியதோ என்று வள்ளத்தில் வந்த ஒருவர் கேட்டார்.

மார்கழியில் ஒரு பின்னேரம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம், ஒழுங்கையால் ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது பக்கச் சாரம் முழங்காலுக்குக் கீழே வெறுமையாய் ஆடியது. வேலி முன் நின்று இடது நிரையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார், கடையில் சாமான் பார்ப்பது போல.

"தம்பி, இடக்கால் எட்டாம் நம்பர் கிடக்கோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "என்னண்ணை?"

"கடையிலை ஒண்டு தரமாட்டாங்கள். சோடியாத்தான் எடுக்கோணும். வலக்காலை வச்சு நான் என்ன செய்யிறது?"

மண்ணிறத்தில் ஒன்று, வார் அறாதது, கழற்றிக் கொடுத்தேன். நிலத்தில் போட்டுக் காலை நுழைத்து, ஊன்றுகோலை ஊன்றி இரண்டு அடி நடந்து பார்த்தார். குதி கொஞ்சம் வெளியே நின்றது. "காணும்" என்றார்.

"அப்ப இவ்வளவு நாளும் மற்றச் செருப்பை என்னண்ணை செய்தனீங்கள்?"

"எறியிறதுதான்." கடற்பக்கம் நாடியைத் தூக்கிக் காட்டினார். பிறகு வலது நிரையையும் ஒருமுறை பார்த்தார். "உதுக்குள்ளையும் என்ரை ரண்டு மூண்டு தொங்குது போலை. அந்த நீல வார் என்ரை. போன சோளகத்துக்கு எறிஞ்சது."

பழைய செருப்பை ஊன்றுகோற் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு, தேங்கி நின்ற தண்ணீரைச் சுற்றி ஒழுங்கையால் போனார். அன்றிரவு கொப்பியில் இடதுகாற் கணக்கில் ஒன்றைக் குறைத்தேன். நீல வாருக்கு நேரே எழுதியிருந்த இராமேசுவரத்தை அடிக்கோட்டோடு சேர்த்து வெட்டினேன்.